பாசி தின்ற மீனும் ராஜாஜியும்: 83 வயதில் அவர் ஏன் வாஷிங்டன் போனார்?

குரும்பலூரில் இருந்து கடலைப் பார்க்கணும்னா சில மணி நேரம் பயணம் போகணும். ஆனா பக்கத்துக் காரைப் பகுதியில் மண்ணைப் புரட்டினாலே கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள் கிடைக்கும். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அதெல்லாம் கடல். நம்ம கதையும் கடலில்தான் தொடங்குது.

1946 ஜூலையில் பசிபிக்கின் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா கடலுக்கடியில் அணுகுண்டு வெடித்தது. பிறகு பிடிபட்ட ஒரு மீனை வெட்டி ஃபிலிம் மேல் வைத்தார்கள். கேமரா இல்லை, வெளிச்சம் இல்லை. ஆனாலும் படம் விழுந்தது! அதிகம் பிரகாசித்தது குடல். காரணம் சாப்பாடுதான். அது பாறைப் பாசியைச் சுரண்டித் தின்னும் மீன். தண்ணீரில் கலந்த கதிரியக்கப் பொருள் முதலில் பாசியில் சேரும், அங்கிருந்து மீனுக்கு, அதை விழுங்கும் பெரிய மீனுக்கு. ஸ்ட்ரான்சியம் கால்சியம் மாதிரி நடித்து எலும்பில் தங்கும். சீசியம் சதைக்குள் போகும்.

1954 மார்ச் 1-ல் அதே பிகினியில் ஹைட்ரஜன் குண்டு. ஹிரோஷிமாவைப் போல சுமார் 1,000 மடங்கு. சாம்பல் ஒரு ஜப்பானிய சூரை மீன்பிடிப் படகில் கொட்டியது. 23 பேர் பாதிக்கப்பட்டார்கள்; ரேடியோ இயக்குநர் குபோயாமா செப்டம்பரில் இறந்தார். ஜப்பான் சந்தைகளில் சூரை மீனை மண்ணில் புதைத்தார்கள்.

அந்த நேரம் சென்னை மாகாண முதல்வராக இருந்தவர் ராஜாஜி. 1878-ல் ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்தவர், இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல். குலக்கல்வி எதிர்ப்பில் 1954 ஏப்ரலில் பதவி போனது. அந்தத் திட்டத்தை இன்றும் நியாயப்படுத்த முடியாது. ஆனா அதற்குப் பிறகு அவர் அணுகுண்டு சோதனைக்கு எதிராக விடாமல் எழுதினதை நாம மறந்துட்டோம்.

1962 செப்டம்பர். காந்தி அமைதி அறக்கட்டளைக் குழுவோடு, 83 வயதில், முதல்முறையா மேலை நாட்டுப் பயணம். வெள்ளை மாளிகையில் கென்னடியைச் சந்தித்து சோதனைகளை நிறுத்தச் சொன்னார். அடுத்த மாதமே கியூபா நெருக்கடி வந்தது. 1963 ஆகஸ்ட் 5-ல் அமெரிக்கா, சோவியத், பிரிட்டன் மூன்றும் மாஸ்கோவில் கையெழுத்துப் போட்டன: காற்றில், விண்வெளியில், நீருக்கடியில் சோதனை கூடாது. இதெல்லாம் ராஜாஜியால் நடந்ததுன்னு சொன்னா மிகை. பல நாடுகளின் குரல் அதில் உண்டு.

நிலத்தடியில் வெடிக்க மட்டும் தடை இல்லை. 1972 டிசம்பர் 25-ல் ராஜாஜி காலமானார். 1974 மே மாதம் பொக்ரானில் இந்தியா வெடித்ததும் நிலத்தடியில்தான்.