ஸர் வில்லியம் ஹெர்ஷெலும் அவர்தம் ஓய்வுநேரமும்

நூதனக் கருவிகளிடத்தும் யந்திரங்களிடத்தும் பேரவாக் கொண்டோர் எக்காலத்தும் எவ்வூரிலும் உளர். ஒரு கடிகாரம் கையிற் கிடைத்தால், மணி பார்ப்பதோடு அமையாமல், அதன் வயிற்றைத் திறந்து பார்த்தாலன்றி அவர்களுக்கு உறக்கம் வாராது. நம் கல்லூரி விடுதியிலும் அத்தகையோர் பலர் உண்டு. பழைய வானொலிப் பெட்டியைப் பிரித்துப் பூட்டுவோரும், புதிய கைப்பேசி வெளிவரும் செய்தியைப் பிறர்க்கு முன்னரே அறிந்து கூறுவோரும், பழுதுற்ற கணிப்பொறியைச் சுற்றி நள்ளிரவு வரை அமர்ந்திருப்போரும் அவ்வினத்தவரே. இவர்கள் பொழுதை வீணாக்குகின்றனர் என்று பெற்றோர் நொந்துகொள்வதும் உண்டு. அந்த நோவு எவ்வளவிற்கு நியாயமானது என்பதை ஆராய்வதற்கு ஒரு பெரியாரின் சரிதம் நமக்குத் துணைபுரியும். பகலெல்லாம் சங்கீதம் கற்பித்துப் பிழைத்து, இரவெல்லாம் தம் கையாற் செய்த கருவியைக்கொண்டு வானத்தை நோக்கியிருந்த ஸர் வில்லியம் ஹெர்ஷெல் என்பாரே அப்பெரியார்.

ஜெர்மானிய தேசத்து ஹனோவர் நகரில் 1738-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் ஹெர்ஷெல் பிறந்தார். தந்தையார் படைப்பிரிவொன்றின் வாத்தியக் குழுவில் குழல் வாசிப்பவர். பொருள் மிகுந்த குடும்பமன்று. ஆயினும் இசையும் நல்லுரையாடலும் அவ்வீட்டிற் குறைவின்றி நிலவின. மைந்தரும் இளமையிலேயே அவ்வாத்தியக் குழுவிற் சேர்ந்தார். 1757-இல் ஹாஸ்டன்பெக் என்னுமிடத்தில் நிகழ்ந்த போரிற் பிரெஞ்சுப் படை வெற்றிகொள்ளவே, பெற்றோர் விருப்பின்படி அவர் ஊரைவிட்டு நீங்கி இங்கிலாந்து சேர்ந்தார். அங்கே இசைச் சுவடிகளைப் படியெடுத்தும், ஊரூராகச் சென்று வாத்தியம் கற்பித்தும் பல ஆண்டுகள் காலங் கழித்தார். 1766-இல் வெந்நீர் ஊற்றுக்களாற் பேர்பெற்ற பாத் நகரில் ஆக்டகன் ஆலயத்தின் ஆர்கன் வாசிப்போராக நியமனம் பெற்றார். செல்வரும் நோயாளரும் வந்து தங்கும் அந்நகரில் நல்ல சங்கீத ஆசிரியருக்கு வேலைக்குக் குறைவில்லை. கச்சேரிகளை நடத்துதல், பாடகரைப் பழக்குதல், புதிய உருப்படிகள் இயற்றுதல், வாரந்தோறும் முப்பதுக்கு மேற்பட்ட பாடங்கள் சொல்லிக்கொடுத்தல் என்று அவர் பகற்பொழுது முழுவதும் நிறைந்திருந்தது.

1772-இல் அவர்தம் தங்கையார் கரோலின் அம்மையாரும் பாத் நகர் வந்து சேர்ந்தனர். சிறுவயதிற் கண்ட கொடிய காய்ச்சலால் வளர்ச்சி தடைப்பட்டு, நான்கடிக்குச் சற்றே மிகுந்த உயரமுடையவராய், மணமாகாத மகளென்று வீட்டுவேலைக்கே தாயாரால் ஒதுக்கப்பட்டிருந்தவர் அவ்வம்மையார். தமையனார் தாயாருக்கு வேறு பணியாள் வைத்துக்கொள்ளப் பொருளுதவி செய்தே தங்கையாரை அழைத்துவர வேண்டியிருந்தது. அழைத்துவந்த நோக்கம் அவரைச் சிறந்த பாடகியாக்குதல் என்பதை வாசகர் நினைவிற் கொள்வாராக. அந்நோக்கம் ஓரளவு நிறைவேறவுஞ் செய்தது. சில ஆண்டுகளில் கரோலின் அம்மையார் பெருஞ்சபைகளில் முதன்மைப் பாடகியாய் விளங்கினார்.

இதற்கிடையே ஹெர்ஷெலின் மனம் வேறோரிடத்திற் சென்று பற்றிக்கொண்டது. இசையின் இலக்கணத்தை ஆராயப் புகுந்து, இராபர்ட் ஸ்மித் என்பவர் இசைபற்றி எழுதிய நூலைப் பயின்றவர், அவ்வாசிரியரே ஒளிநூல்பற்றி எழுதியதையும் தேடிப் படித்தார். 1773-இல் ஜேம்ஸ் பெர்கூஸன் என்பவரது வானசாஸ்திர நூலை வாங்கினார். படித்தவை அனைத்தையும் தம் கண்ணாற் காணவேண்டும் என்னும் அவா எழுந்தது. நீண்ட குழாய்களில் வில்லைகளைப் பொருத்திப் பார்த்தார். குழாய்கள் வளைந்து இடர் விளைத்தன. குழிந்த ஆடியால் ஒளியைத் திரட்டும் தொலைநோக்கியே தக்கது என்று கண்டார். ஆயின் அவர் விரும்பிய அளவுள்ள ஆடி அவர் கொடுக்கத்தக்க விலைக்குக் கிட்டவில்லை. வேறொருவராயின் அம்மட்டோடு ஆசையைக் கைவிட்டிருப்பார். ஹெர்ஷெலோ, ஆடி கடையும் தொழிலை விட்டுவிட எண்ணியிருந்த அயலார் ஒருவரிடம் கருவிகளையும் அரைகுறை ஆடிகளையும் வாங்கிவந்து, தாமே செய்யத் தொடங்கினார்.

அன்றுதொட்டு அவ்வீடு வீடாக இருக்கவில்லை. விருந்தினர் அமரும் கூடத்தில் தச்சன் குழாய் இழைத்தான். தம்பி அலெக்ஸாந்தர் ஓர் அறையிற் கடைசல் யந்திரத்தை நிறுவினார். செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்த வட்டத் தகட்டைப் பன்முறை தேய்த்துக் குழியச் செய்து, பின்னர் மெருகிட வேண்டும். மெருகிடுங்கால் இடையிற் கைநிறுத்தினால் வளைவு கெட்டுவிடும் என்பது அவர் கருத்து. ஒருகால் ஏழடித் தொலைநோக்கியின் ஆடி ஒன்றை மெருகிடுகையில், பதினாறு மணிநேரம் கையை எடாமலே இருந்தார். தங்கையார் அருகிருந்து உணவைச் சிறுகச் சிறுக அவர் வாயில் இட்டார். சலிப்புத் தோன்றாதிருக்க அரபுக் கதைகளையும் டான் குவிக்ஸோட் சரிதத்தையும் படித்துக் காட்டினார். கச்சேரியிடையே கிடைக்கும் சிற்றவகாசத்திலும் ஹெர்ஷெல் பட்டறைக்கு ஓடிவருவார். விழாவுக்கென உடுத்த உயர்ந்த ஆடையின் கைம்மடிப்பு கிழிந்தும் கீல் படிந்தும் கெட்டதைத் தங்கையார் கண்டு வருந்துவார். 1774-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், தாம் செய்த தொலைநோக்கியாற் சனியின் வளையத்தையும் ஓரியன் மண்டலத்து ஒளிமுகிலையும் ஹெர்ஷெல் கண்டார்.

அவர் கண்டு மகிழ்ந்ததோடு நின்றாரல்லர் என்பதே ஈண்டு உற்றுநோக்கத்தக்கது. கருவியைச் செய்து முடித்தவுடன் அதனைக் காட்டிப் பெருமை கொள்ளுதல் பலர்க்கு இயல்பு. இவரோ வானம் முழுவதையும் பகுதி பகுதியாக, ஒரு நட்சத்திரத்தையும் விடாமல், முறையாகப் பார்த்து வருவதென்று விரதம் பூண்டார். 1779-ஆம் ஆண்டின் இறுதியில் ஓரிரவு, வீட்டின் முன் தெருவில் தொலைநோக்கியை நிறுத்திச் சந்திரனை நோக்கிக்கொண்டிருந்தபொழுது, அவ்வழிச் சென்ற வைத்தியர் வில்லியம் வாட்ஸன் தமக்கும் காட்டுமாறு வேண்டினார். அன்று தொடங்கிய நட்பே, பெயரறியாத அச்சங்கீத ஆசிரியரை இலண்டன் ராயல் சங்கத்தார்க்கு அறிமுகம் செய்தது.

1781-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 13-ஆம் நாள் இரவு, பாத் நகரின் நியூ கிங் தெருவிலிருந்த தம் இல்லத்தின் பின்புறத் தோட்டத்தில், மிதுன மண்டலத்தை அடுத்த சிறு நட்சத்திரங்களை ஹெர்ஷெல் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவற்றுள் ஒன்று மற்றவை போற் புள்ளியாகத் தோன்றாமற் சிறு தட்டுப்போல் தோன்றியது. கண்ணருகு வில்லையை மாற்றி இன்னும் பெருக்கிப் பார்த்தார், அதுவும் பெருகியது. நட்சத்திரமாயின் அவ்வாறு பெருகாது. நான்கு நாள் கழித்துப் பார்த்தபொழுது அஃது இடம் பெயர்ந்திருந்தது. வால்வெள்ளி என்றே அவர் முதலிற் கருதினார். ஐரோப்பிய கணித வல்லுநர் அதன் பாதையைக் கணித்து, சனிக்கு அப்பால், சூரியனிடமிருந்து சனியின் தூரத்தினும் ஏறக்குறைய இருமடங்கு தூரத்திற் சுழலும் புதிய கிரகமே அது என்று துணிந்தனர். பண்டைக்காலந்தொட்டு மக்கள் வெறுங்கண்ணாற் கண்டுவந்த கிரகங்களோடு புதிதாக ஒன்று சேர்க்கப்பட்டது அன்றே. அரசர் மூன்றாம் ஜார்ஜின் பெயரை அதற்கு இட ஹெர்ஷெல் விரும்பினார். உலகமோ யுரேனஸ் என்னும் பெயரையே ஏற்றது.

அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில், இன்னும் பெரிய ஆடி ஒன்றை வார்க்கும் முயற்சியில், வீட்டினுள் அமைத்த உலையிலிருந்து உருகிய உலோகம் கசிந்து கல் பாவிய தரையில் ஓடிற்று. கற்கள் வெடித்து நாற்புறமும் சிதறின. உடன்பிறந்தாரும் வேலையாட்களும் உயிர்தப்பி ஓடினர். ஹெர்ஷெல் வெப்பத்தாலும் களைப்பாலும் செங்கற் குவியலொன்றன்மேற் சாய்ந்தார். அவ்வார்ப்பின் அச்சுக்கென்று குதிரைச் சாணத்தை இடித்துச் சலித்தவர்களுள் கரோலின் அம்மையாரும் ஒருவர்.

1782-இல் அரசர் ஆண்டொன்றுக்கு 200 பவுன் வேதனம் அளிக்க இசைந்தார். சங்கீதத்தால் ஹெர்ஷெல் ஈட்டிவந்ததினும் அது குறைந்த தொகையே. எனினும் அவர் தயங்கவில்லை. இசைத்தொழிலை விடுத்து, அரசர் வாழும் வின்ட்ஸர் அரண்மனைக்கு அண்மையிலுள்ள டாச்செட் என்னும் ஊரிலும், 1786 முதல் ஸ்லௌ என்னும் ஊரிலும் குடியேறினார். குறைந்த வருவாயை ஈடுசெய்யப் பல தொலைநோக்கிகளைச் செய்து விற்றார்.

தமையனார் இசையை விட்டபொழுது தங்கையாரின் பாட்டும் முடிவுற்றது. முன்னர் பர்மிங்காம் நகரிற் பாட வருமாறு அழைப்பு வந்தகாலை, தமையனார் நடத்தும் கச்சேரியிலன்றிப் பாடுவதில்லை என்று அதனை மறுத்தவர் அவர். இப்பொழுது அவருக்கு வாய்த்த பணி, இரவெல்லாம் கடிகாரத்தின் முன்னமர்ந்து, தமையனார் தொலைநோக்கியினருகிருந்து கூவிச் சொல்வனவற்றைக் குறித்துக்கொள்வதும், பகலில் அவற்றைக் கணக்கிட்டுப் படியெடுப்பதும் ஆகும். 1783-ஆம் ஆண்டின் கடைசி நாளிரவு, உருகும் பனியில் மூடுண்டிருந்த நிலத்தில் விரைந்து ஓடியவர் வழுக்கி வீழ்ந்தார். இரும்புக் கொக்கி ஒன்று முழந்தாளுக்கு மேல் தொடையில் ஆழப் பாய்ந்தது. அவரைத் தூக்கி விடுவித்தபொழுது கொக்கியில் ஊன் ஒட்டியிருந்தது. அதன்பின் வானம் மேகத்தால் மூடிக்கொண்டமையால் தமையனார்க்கு நல்ல இரவு எதுவும் வீணாகவில்லை என்று எண்ணி அவர் ஆறுதலடைந்தனராம். அச்செய்தியைப் படிக்குந்தோறும் நமக்கு ஆறுதல் உண்டாவதில்லை.

இவ்விருவரும் இருபதாண்டு உழைத்ததன் பயனாக, அதுவரை நூற்றுச் சொச்சமே அட்டவணையிடப்பட்டிருந்த ஒளிமுகில்களும் நட்சத்திரக் கூட்டங்களும் ஏறத்தாழ 2,500 ஆகப் பெருகின. கரோலின் அம்மையார் தனித்து ஆராய்ந்தும் 1786 முதல் 1797 வரை எட்டு வால்வெள்ளிகளைக் கண்டார். 1787 முதல் அரசர் அவர்க்கும் ஆண்டுக்கு 50 பவுன் அளித்தார். விஞ்ஞானப் பணிக்கென வேதனம் பெற்ற முதற் பெண்மணியருள் அவரும் ஒருவர்.

ஹெர்ஷெலின் முயற்சிகளெல்லாம் ஒருபடித்தான பயன் தந்தன என்பதற்கில்லை. அரசர் நல்கிய 4,000 பவுன் பொருளைக்கொண்டு 1789-இல் நிறைவேறிய நாற்பதடித் தொலைநோக்கி, நான்கடி அகலமுள்ள ஆடியோடு, காண்போர் அனைவரையும் வியப்பித்தது. ஆயின் அதனை இயக்குதல் அரிது. ஆடியும் விரைவில் மங்கியது. பெரும்பாலான இரவுகளில் அவர் தமது இருபதடிக் கருவியையே நாடினார். சூரியனுள்ளும் உயிர்கள் வாழ்கின்றன என்று அவர் நம்பியதும் உண்மை. மாறாக, 1800-இல் செய்த எளிய சோதனை ஒன்று பெரும்பயன் விளைத்தது. சூரியனை நோக்குதற்கு நிறக்கண்ணாடிகளைப் பயன்படுத்துங்கால், நிறத்திற்கேற்ப வெப்பமும் வேறுபடுதலை உணர்ந்து, முப்பட்டகத்தாற் சூரியவொளியைப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பிற்கு அப்பால், கண்ணுக்கு ஒளியே தோன்றாத இடத்தில் வெப்பம் மிகுந்திருந்தது. அகச்சிவப்புக் கதிர் அறியப்பட்டது இவ்வாறே. தொலைக்காட்சிப் பெட்டியை இருந்த இடத்திலிருந்தே இயக்குங் கைக்கருவி பெரும்பாலும் அக்கதிரையே வீசுகின்றது. 2009-இல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தார் வானிற் செலுத்திய அகச்சிவப்புத் தொலைநோக்கிக்கும் ஹெர்ஷெல் என்னும் பெயரே இடப்பெற்றது.

1788-இல் ஹெர்ஷெல் மேரி பிட் என்னும் அம்மையாரை மணந்தார். அதுவரை இல்லத்தலைவியாயிருந்த தங்கையார் வேறிடத்திற் குடிபுக நேர்ந்தது. அடுத்துவந்த சுமார் பத்தாண்டுகளின் நாட்குறிப்புக்களை அவர் பிற்காலத்தில் தாமே அழித்துவிட்டார். அவற்றில் இருந்த துயரம் யாதென்று நாம் ஊகித்தல் முறையன்று. ஆயினும் மணம் நிகழ்ந்த பின்னும், ஊதியம் பெற்ற உதவியாளராய் இரவுப்பணிக்கு அவர் தவறாது வந்தார் என்பது மறக்கற்பாலதன்று. காலப்போக்கிற் கசப்பு நீங்கியது. தமையனாரின் மைந்தர் ஜானிடத்து அவர் தாயினும் மிக்க அன்பு செலுத்தினார்.

1816-இல் வீரப்பட்டம் பெற்ற ஹெர்ஷெல், 1822-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25-ஆம் நாள், தம் 83-ஆம் வயதில் இறந்தார். அவர் கண்ட கிரகம் சூரியனை ஒருமுறை சுற்றிவர 84 ஆண்டு ஆகின்றது. கரோலின் அம்மையார் ஹனோவர் திரும்பி, ஒளிமுகில் அட்டவணையை மருமகனார் ஜானின் ஆய்வுக்கேற்ப ஒழுங்குபடுத்தி முடித்து, 1828-இல் இலண்டன் வானசாஸ்திர சங்கத்தாரின் பொற்பதக்கம் பெற்றனர். 1848-இல் 97 வயதில் அவர் வாழ்வு முடிந்தது. நாற்பதடித் தொலைநோக்கியை இறக்கிய பின்னர், 1839-ஆம் ஆண்டின் கடைசி இரவில் ஜானும் அவர்தம் மக்களும் அதன் குழாயினுள் அமர்ந்து பாட்டிசைத்து விடைகொடுத்தனர். இசையிற் பிறந்த கருவிக்கு அது தக்க விடையே.

மாணவ நண்பர்களே, கருவியின்மீது காதல் கொள்ளுதல் குற்றமன்று. வாங்கிய பொருளை வைத்து விளையாடுதலினும், வாங்க இயலாத பொருளைச் செய்யத் துணிதல் மேலானது. செய்த கருவியைப் பாராட்டுதலினும், அதன்வழியே யாது காணலாம் என்று இரவெல்லாம் விழித்திருத்தல் அதனினும் மேலானது. பெற்றோரின் நோவுக்கு ஹெர்ஷெலின் வாழ்வு விடையளிக்கின்றது. ஆனால் அவ்விடை முழுமையானதன்று. ஒருவர் தம் பொழுதுபோக்கில் ஆழ்ந்திருக்குங்கால், அவர்க்கு உணவளித்து, ஏட்டைப் படித்துக் காட்டி, தம் பாட்டையும் துறந்து நிற்பார் ஒருவர் அருகில் இருத்தல் கூடும். தொலைவிலுள்ளதைக் கண்ட ஹெர்ஷெல் அருகிலிருந்தவரை முழுதும் கண்டனரா என்னும் வினா நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. நள்ளிரவில் நம் கருவிகளின் முன் அமரும்பொழுது, நமக்காக விழித்திருப்பார் யார் என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போமாக.