ஓவியர் ஆக ஆசைப்பட்டவர்... நரம்பு செல்களை வரைந்து நோபல் வென்ற கதை!

நம்ம மூளையும் நரம்புகளும் கோடிக்கணக்கான தனித்தனி செல்களால் ஆனவை. இன்று பள்ளிப் பாடத்திலேயே இருக்கும் இந்த விஷயத்தை, 19-ம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் பலர் ஏற்கவே இல்லை. அதை எடுத்துக்காட்டியவர் ஸ்பெயினின் சாந்தியாகோ ரமோன் இ காஹல்.

1852-ல் பிறந்த காஹலுக்கு சின்ன வயசிலேயே ஓவியம்தான் உயிர். மருத்துவரான அப்பாவுக்கோ அது துளியும் பிடிக்கலை. அடங்காத மகனை முடிதிருத்தும் கடையிலும், செருப்பு தைக்கும் கடையிலும் வேலைக்கு விட்டார். கடைசியில் இடுகாட்டுக்கு கூட்டிப்போய் எலும்புகளைக் காட்டினார். அதை வரைய ஆரம்பித்த மகன், மருத்துவத்தின் பக்கம் திரும்பிவிட்டார். ராணுவ டாக்டராக கியூபா போனவர், மலேரியாவோடு நாடு திரும்பினார்.

திருப்பம் வந்தது 1887-ல். சில செல்களை மட்டும் கருப்பாக்கிக் காட்டும் வெள்ளி சாயமுறையை காஹல் பார்த்தார். அதைக் கண்டுபிடித்த இத்தாலியின் கேமில்லோ கோல்ஜி, நரம்பு மண்டலம் பின்னிக்கிடக்கும் ஒரே வலை என்று நம்பினார். அதே முறையை மெருகேற்றிய காஹல், 1888-ல் பறவையின் சிறுமூளையில் கண்டதோ வேறு. ஒவ்வொரு நரம்பு செல்லும் தனி. நெருங்கும், ஆனால் ஒன்றாகாது. குட்டிக் கிளைகள் தகவலை வாங்கும், நீளமான ஆக்ஸான் அடுத்த செல்லுக்கு கடத்தும்.

1906-ல் நோபல் பரிசு இருவருக்கும் சேர்த்தே கிடைத்தது. அந்த நோபல் உரையிலும் கோல்ஜி, காஹல் பக்கம் நின்ற கருத்தை எதிர்த்தே பேசினார்!

1934-ல் காஹல் மறைந்தார். 1950-களில் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வழியாக, செல்களுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய இடைவெளி தெளிவாகத் தெரிந்தது. அவர் வரைந்தது சரிதான்!