துணை நீங்கிய களம்: திப்பு சுல்தான்

வள்ளுவப் பெருந்தகை நட்பின் பெருமையைப் பாடியதோடு அமையாமல், நட்பாராய்தல் என்னும் அதிகாரத்தையும் வகுத்தார். அவ்வாராய்ச்சி தனி மனிதர்க்கு மட்டுமன்றி நாடாள்வோர்க்கும் இன்றியமையாதது என்பதற்கு மைசூர் வேந்தர் திப்பு சுல்தானின் வாழ்வே சான்று.

1750ஆம் ஆண்டு தேவனஹள்ளியில் ஹைதர் அலியின் மைந்தராகப் பிறந்த திப்பு, இளமையிலேயே போர்க்களம் புகுந்தவர். 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படை அழிந்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அக்காலத்தில் அமெரிக்க விடுதலைப் போரை முன்னிட்டு இங்கிலாந்தோடு பொருதிய பிரான்சு, இந்திய மண்ணில் மைசூருடன் கைகோத்தது. 1782 டிசம்பரில் ஹைதர் மறைந்தார். முடிவுறாத போரும் பிரெஞ்சு உறவும் மைந்தரின் தோளில் ஏறின.

1783ஆம் ஆண்டின் இடையில் திப்பு மங்களூர்க் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். கோட்டை விழும் தறுவாயில், ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானம் செய்துகொண்ட செய்தி வந்தது. கடலூரில் புஸ்ஸியின் படை போரை நிறுத்தியது. மங்களூரில் திப்புவின் பக்கத்தில் நின்ற பிரெஞ்சு வீரரும் விலகிச் சென்றனர். முற்றுகைக் கலை வல்லாரின் துணையை இழந்த திப்பு, ஆகஸ்டில் போர்நிறுத்தத்திற்கு உடன்பட நேர்ந்தது. பசியால் வாடிய கோட்டை 1784 ஜனவரியில்தான் பணிந்தது. மார்ச்சு 11இல் மங்களூர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. கம்பெனியின் தூதர்கள் அவரை நாடி வந்து அதனைச் செய்துகொண்டது அவருக்குப் பெருமையே. ஆயினும் வென்றவற்றை இருதரப்பாரும் திருப்பித் தந்தமையால், நான்காண்டுப் போரில் மைசூர் புதுமண் பெறவில்லை. பிரான்சோ புதுச்சேரியையும் காரைக்காலையும் மீளப் பெற்றது.

கைவிடப்பட்ட பின்னும் திப்பு அவ்வுறவை விடவில்லை. அவர் விடுத்த மூன்று தூதர்களை 1788 ஆகஸ்டில் பதினாறாம் லூயி வெர்சேல் அரண்மனையில் சிறப்புற வரவேற்றார். பரிசுகள் கிடைத்தன, படை கிடைக்கவில்லை. கருவூலம் வற்றிய அவ்வரசு, அடுத்த ஆண்டே புரட்சியில் ஆட்டங்கண்டது.

திப்புவின் துயர்க்குப் பிரான்சு மட்டுமே காரணமன்று. மலபாரிலும் குடகிலும் அவர் காட்டிய கடுமை பகையை வளர்த்தது. 1789இல் திருவிதாங்கூர் அரண்களைத் தாக்கியது போருக்கு வழிவகுத்தது. மராட்டியரும் நிஜாமும் ஆங்கிலேயரோடு சேர்ந்தனர்; பிரெஞ்சார் வாளாவிருந்தனர். கடலுக்கு அப்பால் நண்பரைத் தேடிய வேந்தருக்கு அண்டை நாட்டில் நண்பர் இலர். 1792இல் நாட்டில் பாதி பறிபோயிற்று. திண்டுக்கல், சேலம், பாராமகால் ஆகிய தமிழ்நிலங்கள் கம்பெனியின் ஆட்சிக்கு மாறியது அப்போதுதான். மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாய் தண்டமும் விதிக்கப்பட்டது. அது தீருமளவும் சிறுவர்களான தம் மைந்தர் இருவரைப் பகைவரிடம் பிணையாக அனுப்பிய தந்தையின் நெஞ்சம் பட்ட பாட்டைக் கவியுள்ளங்கள் எளிதில் உணரும்.

எனினும் 1798இல் மொரீஷியஸ் தீவுக்கு மீண்டும் தூது சென்றது. அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர் மறைவாகக் கேட்ட உதவியைப் பறைசாற்றி ஊரறியச் செய்தார். வந்து சேர்ந்தோர் ஏறத்தாழ நூற்றுவரே. அவ்வறிவிப்பையே வெல்லெஸ்லி போருக்குக் காரணமாக்கினார். எகிப்தில் இறங்கிய நெப்போலியனின் கப்பற்படையோ, அவ்வாண்டு ஆகஸ்டில் நைல் நதி முகத்துவாரத்தருகே அழிந்தது.

1799 மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டைச் சுவர் பிளந்த வழியே பகைவர் புகுந்தனர். திப்பு தம் வீரரோடு நின்று பொருது வீழ்ந்தார். 1783இல் நண்பனை விடுத்துப் பிரான்சு மீட்டெடுத்த புதுச்சேரியோ, அதற்கு ஆறாண்டுகள் முன்னரே, 1793இல், ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்தது. கைவிட்டவர்க்கும் அந்த ஊதியம் நிலைக்கவில்லை.