சுகுமார் சென்: 17 கோடிப் பேர் வாக்களிக்க வழி செய்தவர்

1950 மார்ச்சில் சுகுமார் சென் இந்தியாவின் முதலாவது தலைமைத் தேர்தல் ஆணையாளராகப் பொறுப்பேற்றார். அவருக்கு முன்னால் இருந்த கணக்கு பெரியது. 21 வயது நிரம்பிய 17 கோடிக்கும் அதிகமானோர் வாக்களிக்க வேண்டும். அவர்களில் நூற்றுக்குச் சுமார் 85 பேருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. பெரும்பாலானோர் அதுவரை ஒரு வாக்குப்பெட்டியைக் கண்ணால் கண்டதே இல்லை.

சென் வங்காளத்தைச் சேர்ந்தவர். கல்கத்தா பிரெசிடென்சிக் கல்லூரியிலும் லண்டன் பல்கலைக்கழகத்திலும் படித்து, கணிதத்தில் தங்கப் பதக்கம் பெற்றவர். 1921இல் சிவில் சேவையில் சேர்ந்து, மாவட்டங்களிலும் நீதிபதியாகவும் பணியாற்றி, மேற்கு வங்காளத்தின் தலைமைச் செயலாளரானார். 1951 வசந்த காலத்திலேயே தேர்தல் முடிந்துவிட வேண்டும் என்று பிரதமர் நேரு விரும்பினார். இடாப்பு சரியாகாமல் தேர்தல் இல்லை என்பதில் சென் உறுதியாக நின்றார்.

பெயர்களைத் தட்டச்சுச் செய்து தொகுக்க 16,500 எழுதுவினைஞர்கள் ஆறு மாத ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டார்கள். வடமாநிலங்களில் ஒரு சிக்கல் எழுந்தது. பல பெண்கள் அந்நியரிடம் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாரின் தாய், இன்னாரின் மனைவி என்றே பதிந்திருந்தார்கள். சென் அதை ஏற்கவில்லை. திரும்பப் போய்ப் பெயரைக் கேட்டு எழுதுமாறு பணித்தார். பீகாருக்கு மேலதிகமாக ஒரு மாத அவகாசமும் கொடுத்தார். அப்படியும் பெயர் கிடைக்காத சுமார் 28 இலட்சம் பெண்கள் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

கடுமையான முடிவுதான். அத்தனை பெண்கள் முதல் தேர்தலில் வாக்களிக்க முடியாமல் போனது சின்ன இழப்பல்ல. ஆனால் பெயரில்லாத பதிவு பேரேட்டில் நிற்காது என்பது கணக்கு எழுதுபவர்களுக்குத் தெரியும். இந்த நீக்கத்தால் எழும் கூச்சலே அடுத்த தேர்தலுக்குள் அந்தத் தயக்கத்தைப் போக்கும் என்று சென் நம்பினார்.

அடுத்தது, வாக்களிக்கக் கற்றுக்கொடுப்பது. வாக்குரிமையும் வாக்காளரின் கடமையும் பற்றிய படம் 3,000க்கும் மேற்பட்ட திரையரங்குகளில் காட்டப்பட்டது. வானொலி வீடுவரை செய்தியைக் கொண்டு போனது. மாதிரி வாக்குப்பதிவு நடத்திப் பழக்கினார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்காக அன்றாடம் பார்க்கும் பொருட்கள் சின்னங்களாயின. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி. அதன்மேல் அவருடைய சின்னம். விரும்பிய சின்னத்தின் பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும். ஒருவரே இருமுறை வாக்களிக்காதபடி விரலில் அழியாத மை பூசினார்கள். அதற்கு மட்டும் 3,89,816 மைக்குப்பிகள் செலவாயின.

பனி மூடுமுன் இமாச்சலப் பிரதேசத்தின் சினியில் 1951 ஒக்டோபர் 25இல் வாக்குப்பதிவு தொடங்கியது. நாடெங்கும் முடிய 1952 பெப்ரவரி ஆயிற்று. பெட்டிகளைச் சென் பத்திரமாகச் சேமித்து வைத்தார். அதனால் 1957 தேர்தலில் நாலரைக் கோடி ரூபாய் மிச்சமானது. இடையில் 1953இல் சூடான் நாட்டின் தேர்தலையும் நடத்திக் கொடுத்தார். பிற்காலத்தில் பர்த்வான் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். தன்னைப் பற்றி ஒரு நினைவுநூல்கூட எழுதிவைக்காமல் மறைந்தார்.

அங்கே எழுதுவினைஞர்கள் பெயர்களைச் சேர்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், பாக்கு நீரிணைக்கு இப்பால் பெயர்கள் நீக்கப்பட்டன. 1947இல் தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றம் அனுப்பிய மலையகத் தமிழரில் பெரும்பாலானோர், 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்தார்கள். 1952 மே தேர்தலில் இலட்சக்கணக்கானோரின் பெயர் இடாப்பில் இல்லை. பெயர் போனபின் என்னவெல்லாம் போகும் என்பதை அந்த மக்கள் பல பத்தாண்டுகள் அனுபவித்தார்கள்.

இன்று நாம் வாழும் நாடுகளில் நம்மில் பலருக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டது. ஆனாலும் தேர்தல் அலுவலகக் கடிதம் பிரிக்கப்படாமலே கிடக்கும் வீடுகள் உண்டு. மொழி தெரியாது என்று அம்மம்மாவை வீட்டில் விட்டுச் செல்பவர்களும் உண்டு. வாசிக்கத் தெரியாத கோடிக்கணக்கானோருக்கு ஒருவர் வழி செய்து கொடுத்தார். நம் வீட்டில் இருக்கும் ஒருவருக்கு, பெயர் பதியவும் சீட்டில் அடையாளம் இடவும் சொல்லிக்கொடுக்க ஒரு மாலைப்பொழுது போதும். அடுத்த தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.