துய்ப்ளே படிக்காத ஏடு

சென்னை சிந்தாதிரிப்பேட்டை நெசவாளர் ஊராக எழுந்தது 1734-ல். அதற்கு வடக்கே பெரம்பூரில் 1709-ல் பிறந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. சிறு வயதிலேயே புதுச்சேரிக்குப் போனார். வணிகத்தில் உயர்ந்தார். 1747-ல் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயிடம் தலைமைத் துபாஷி ஆனார்.

பகலில் கவர்னர் பேச்சை மொழிபெயர்த்தவர், 1736 முதலே தனியாக ஒரு நாட்குறிப்பு எழுதி வந்தார். கப்பல் வரவு, ஊர் வதந்தி, கவர்னரின் கோபம், அவர் மனைவி ழான் அம்மையாரின் சூழ்ச்சி எல்லாம் அதில் ஏறின.

சங்கேத எழுத்தா? இல்லவே இல்லை! எல்லாம் பேச்சுத் தமிழ்தான். அம்மையாருக்கோ தமிழ் தெரியும். பிள்ளையிடம் பகையும் உண்டு. ஏடு சிக்கினால் பதவி போயிருக்கும். சிக்கவில்லை.

1761 ஜனவரி 12-ல் பிள்ளை காலமானார். நான்கே நாளில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. குடும்பத்தார் வீட்டில் கிடந்த ஏடுகளை 1846-ல் ஒரு பிரெஞ்சு அதிகாரி கண்டெடுத்தார்.