பொம்மைப் போர் நடத்திய எழுத்தாளர்!

குட்டீஸ்! உங்கள் வீட்டில் இருக்கும் பொம்மை கார், பொம்மை வீடு, பொம்மை மனிதன் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மனிதன் வீட்டை விட உயரமாக நிற்பான். காருக்குள் அவனது கால் கூட நுழையாது! ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் சுருக்கிச் செய்யப்பட்டதே இதற்குக் காரணம். சரியான அளவில் பொம்மைகளைச் சேர்த்தால் என்ன அற்புதம் நடக்கும் என்று உலகுக்குக் காட்டியவர் ஓர் எழுத்தாளர். அவர்தான் எச்.ஜி.வெல்ஸ்.

இங்கிலாந்தில், அப்போது கென்ட் பகுதியில் இருந்த பிராம்லி என்ற ஊரில் 1866ம் ஆண்டு, செப்டம்பர் 21ல் பிறந்தார் வெல்ஸ். அப்பா ஜோசப், சிறிய பாத்திரக் கடை வைத்திருந்தார். கிரிக்கெட் விளையாடியும் கொஞ்சம் சம்பாதித்தார். 1874ல் சிறுவன் வெல்சுக்குக் கால் எலும்பு முறிந்தது. பல வாரங்கள் படுக்கைதான். மகனுக்குப் பொழுது போகட்டும் என்று நூலகத்திலிருந்து புத்தகங்களைக் கொண்டு வந்து கொடுத்தார் அப்பா. அன்று ஒட்டிக் கொண்ட வாசிப்புப் பழக்கம், கடைசி வரை வெல்சை விடவில்லை.

1877ல் அப்பாவின் தொடை எலும்பு முறிந்தது. கிரிக்கெட் வருமானம் நின்றது. படிக்க வேண்டிய வயதில், துணிக்கடையில் பயிற்சி வேலைக்கு அனுப்பப்பட்டார் வெல்ஸ். காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே வேலை! ஒரு கட்டத்தில் அதை உதறிவிட்டு, ஒரு பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தபடியே தானும் படித்தார். 1884ல் உதவித்தொகை பெற்று, லண்டனில் அறிவியல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு உயிரியல் கற்பித்தவர், புகழ்பெற்ற அறிஞர் தாமஸ் ஹக்ஸ்லி.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரிந்திருக்கும். காலத்தில் பயணம் செய்யும் இயந்திரம் பற்றி 1895ல், கண்ணுக்குத் தெரியாத மனிதன் பற்றி 1897ல், செவ்வாய்க் கிரகவாசிகளின் படையெடுப்பு பற்றி 1898ல் என வரிசையாக நாவல்கள் எழுதி, உலகப் புகழ் பெற்றார்.

ஜார்ஜ், பிராங்க் இருவரும் வெல்சின் மகன்கள். அவர்களோடு தரையில் மண்டியிட்டு, மரக்கட்டைகளால் தீவும் நகரமும் கட்டி விளையாடுவது அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. அந்த விளையாட்டுகள் பற்றி 1911ல் ஒரு புத்தகமே எழுதினார்.

அவர் சிறுவனாக இருந்தபோது கிடைத்த பொம்மைச் சிப்பாய்கள் தட்டையானவை, மிகச் சிறியவை. 1893ல் இங்கிலாந்தின் பிரிட்டன் நிறுவனம், உள்ளே வெற்றிடமுள்ள ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கியது. ஈயம் குறைவாகச் செலவானதால் விலையும் குறைந்தது. (ஈயம் உடலுக்கு நஞ்சு; அதனால் பழைய ஈயப் பொம்மைகள் கிடைத்தால் நீங்கள் வைத்து விளையாடாதீர்கள்!) ஒரு சிப்பாயின் உயரம் 54 மி.மீ. உண்மையான மனிதனை 32ல் ஒரு பங்காகச் சுருக்கிய அளவு இது. உங்கள் உயரத்தை செ.மீ.,யில் அளந்து, 32ஆல் வகுத்துப் பாருங்கள். நீங்கள் பொம்மையானால் எவ்வளவு உயரம் இருப்பீர்கள் என்று தெரிந்து விடும்!

ஒருநாள், விருந்துக்கு வந்திருந்த நண்பர் ஒருவர், மேஜை மேல் கிடந்த பொம்மைப் பீரங்கியை எடுத்தார். ஸ்பிரிங் விசையால் ஓர் அங்குல நீள மரத்துண்டை எறியும் பீரங்கி அது. குறி பார்த்துச் சுட்டார், சிப்பாய் விழுந்தான்! உடனே, போட்டிக்கு வரத் தயாரா என்று சவால் விட்டார். பிறந்தது பொம்மைப் போர் விளையாட்டு.

அந்தப் பீரங்கியால், 9 கஜ தூரத்தில் நிற்கும் சிப்பாயையும் வீழ்த்த முடிந்தது. சிப்பாய் இதை விடச் சிறியவனாக இருந்தால், குறி தப்பும். பெரியவனாக இருந்தால், அறையில் படையை நிறுத்த இடம் போதாது. ஆகவே, 54 மி.மீ., கனகச்சிதம்!

ஆனால், இன்னொரு சிக்கல் இருந்தது. ஒரு கிலோமீட்டர் தூரத்தை 32ல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் 31 மீட்டர் வரும். அவ்வளவு பெரிய அறை யார் வீட்டில் இருக்கிறது? இதைச் சமாளிக்க, ஆளுக்கு ஓர் அளவு, தூரத்துக்கு வேறோர் அளவு என்று வைத்துக் கொள்ள வேண்டும். வெல்சின் விதிகளில் காலாட்படை ஒரு முறைக்கு 1 அடி நகரலாம். குதிரைப்படை 2 அடி நகரலாம். பீரங்கியைச் சுட, அருகில் குறைந்தது நான்கு வீரர்கள் இருக்க வேண்டும். யோசித்துக் கொண்டே இருக்கக்கூடாது என்பதற்காக, கடிகாரம் வைத்து நேரமும் கணக்கிட்டார். தடித்த கலைக்களஞ்சியப் புத்தகங்கள் மலைகளாயின, சுள்ளிகள் மரங்களாயின.

இந்த விதிகளை 1913ல் புத்தகமாக வெளியிட்டார். இன்று பொம்மைப் போர் விளையாடுவோர் பலருக்கும் அவர்தான் முன்னோடி. இப்போது 28, 15, 6 மி.மீ., அளவுகளிலும் சிப்பாய்கள் கிடைக்கின்றன. சில வீரர்கள் மட்டும் மோதும் சண்டை என்றால், பெரிய அளவைத் தேர்ந்தெடுப்பர். முகமும் உடையும் தெளிவாகத் தெரியும். ஆயிரக்கணக்கான வீரர்கள் மோதும் போரை மேஜையில் காட்ட வேண்டுமானால், 6 மி.மீ., தான் சரி. இத்தனை சிறிய சிப்பாயை மரத்துண்டால் சுட முடியாதே! அதனால், பகடை உருட்டி வெற்றி, தோல்வியை முடிவு செய்கின்றனர்.

வெல்ஸ் போரை விரும்பியவரா? இல்லை, குட்டீஸ். ஈயச் சிப்பாய் விழுந்தால் திரும்ப நிறுத்தி விடலாம். யாரும் அழ வேண்டியதில்லை. இந்த விளையாட்டை நாலு முறை ஆடினாலே, நிஜப் போர் எவ்வளவு முட்டாள்தனமானது என்று புரிந்து விடும் என, அதே புத்தகத்தின் முடிவில் எழுதினார்.

அடுத்த ஆண்டே, 1914ல் முதல் உலகப்போர் வெடித்தது. இதுவே போர்களுக்கெல்லாம் முடிவு கட்டும் போராக இருக்கும் என்று வெல்ஸ் நம்பினார். 90 லட்சத்துக்கும் அதிகமான வீரர்கள் மடிந்தனர். நம்பிக்கையோ பொய்த்தது, 1939ல் இரண்டாம் உலகப்போரும் வந்தது. 1914ல் தன் நாவலில் அவர் கற்பனை செய்த அணுகுண்டு, 1945ல் நிஜமாகவே ஜப்பான் மீது விழுந்தது. மறு ஆண்டு, ஆகஸ்ட் 13ல், 79ம் வயதில் லண்டனில் காலமானார்.

அடுத்த முறை பொம்மைகளோடு விளையாடும்போது, ஒரே அளவில் உள்ளவற்றைச் சேர்த்து ஓர் ஊர் கட்டிப் பாருங்கள். சண்டை போட ஆசை வந்தால், அதைத் தரையிலேயே முடித்துக் கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்ததும், விழுந்த எல்லாரையும் எழுப்பி நிறுத்த மறக்காதீர்கள்!