டை விற்ற காப்டன்

அமெரிக்க ஜனாதிபதி ஹாரி ட்ரூமன் ஒரு காலத்தில் சட்டையும் டையும் விற்ற கடைக்காரர்!

முதல் மகாயுத்தத்தின்போது ஓக்லஹாமா முகாமில் அவர் லெப்டினன்ட். எட்டி ஜேக்கப்ஸன் என்ற யூத சார்ஜெண்டுடன் சேர்ந்து சிப்பாய்களின் கான்டீனை நடத்தினார். நல்ல லாபம். பிறகு பிரான்ஸ் போர்முனையில் பீரங்கிப் படைக் காப்டனாகப் பெயர் வாங்கித் திரும்பினார்.

கான்டீன் தந்த தைரியத்தில், 1919 நவம்பரில் கான்ஸாஸ் நகரில் இருவரும் கடை திறந்தார்கள். பட்டுச் சட்டை, தொப்பி, கையுறை என்று அலமாரி நிறையச் சரக்கு. பழைய படைத் தோழர்கள் வாங்கவும் வந்தார்கள், அரட்டைக்கும் வந்தார்கள். முதல் வருஷம் வியாபாரம் ஜோர்!

பிறகு விலைவாசி சரிந்தது. தானியம் விலைபோகாத விவசாயி பட்டுச் சட்டைக்கு எங்கே போவான்? 1922-ல் கடையை மூடும்படி ஆயிற்று.

ஜேக்கப்ஸன் 1925-ல் இன்ஸால்வென்ட் ஆனார். சட்டம் காட்டிய வழிதான், குறை சொல்வதற்கில்லை. ட்ரூமன் அந்த வழிக்கே போகவில்லை. சிறுகச் சிறுகக் கட்டினார். கடன் தீரச் சுமார் 15 வருஷம் ஆயிற்று. 1934-ல் செனட் தேர்தலில் ஜெயித்தபோதும் அந்தச் சுமை தோளில் இருந்தது.

கடை போயிற்று, சிநேகம் போகவில்லை. 1945-ல் ட்ரூமன் ஜனாதிபதியானார். 1948 மார்ச்சில் ஜேக்கப்ஸன் வெள்ளை மாளிகைக்கு வந்து, யூதத் தலைவர் வைஸ்மனுக்குப் பேட்டி கொடுக்கும்படி மன்றாடினார். முடியாது என்று கறாராக இருந்த ட்ரூமன், பழைய கூட்டாளிக்காக இணங்கினார். அது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் மே 14-ல் இஸ்ரேல் உதயமான 11-வது நிமிஷத்தில் அமெரிக்கா அதை அங்கீகரித்தது.

அப்போது ஜேக்கப்ஸன் கான்ஸாஸ் நகரில் மறுபடியும் ஒரு துணிக்கடை நடத்திக்கொண்டிருந்தார்.